கடைசியாகக் கை வைத்தவர்

டிசம்பர் 8, திங்கள்

டாக்டரம்மா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். எனக்கு இந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. பஸ் டெப்போ மெக்கானிக், வண்டிக்கு என்ன செய்தோம் என்று ஜாப் கார்டு நிரப்புவதோடு சரி. இந்த நோட்டும் டெப்போ நோட்டுதான். முன்பக்கமெல்லாம் பிரேக் லைனிங் மாற்றிய வண்டி நம்பர்கள் இருக்கின்றன. பின்பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நடந்தது போன வெள்ளிக்கிழமை காலை. பாப்பாவுக்கு அன்று ஐம்பதாவது நாள். சளி கட்டி மூக்கு அடைத்திருந்தது. நான் நெஞ்சிலும் மூக்கிலும் கொஞ்சம் எண்ணெய் தேய்த்துவிட்டு, மடியில் போட்டுக் கொஞ்சிவிட்டு, ஷிப்டுக்குக் கிளம்பினேன். சட்டைப் பட்டன் போடும்போது ஜோதி கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் பிள்ளை நனைந்த துணி மாதிரித் தொங்குகிறது. உதடு நீலம். மூச்சு இல்லை. ஜோதியின் அக்கா அழகுமீனா மதினிதான் பிள்ளையை வாங்கி, முன்கையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார். எவ்வளவு நேரம் என்று டாக்டரம்மா கேட்டார். எனக்கு என்ன தெரியும், அரை நிமிஷம் இருக்கலாம். பிறகு வீலென்று அழுதது.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டி இதயத்தைப் பார்த்தார்கள். பிள்ளை அங்கே ஜம்மென்று இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்று இன்றைக்குச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம் ஏன் நின்றது என்று கேட்டேன். டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு, முப்பது இருந்தால் அதிகம். விரல் விட்டு எண்ணிச் சொன்னார். பால் மேலே ஏறித் தொண்டையை அடைத்திருக்கலாம், கிருமியாக இருக்கலாம், வலிப்பாக இருக்கலாம், இதயத் துடிப்பில் கோளாறு இருக்கலாம். வீட்டு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்றும் கேட்டார். ஒன்றும் கொடுக்கவில்லை என்றேன். அதற்குப் பிறகு சொன்னதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சில குழந்தைங்களுக்குக் கடைசிவரைக்கும் காரணம் தெரியாமலே போயிரும்ங்க."

இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டுமா? ஜாப் கார்டில் நான் "காரணம் தெரியவில்லை" என்று எழுதினால் எங்கள் சார்ஜ்மேன் அதை என் மூஞ்சியில் எறிவார். எறியவும் வேண்டும். அந்த வண்டியில் அறுபது பேர் போகிறார்கள்.

பதினோரு வருஷத்தில் நான் கற்றது ஒன்றுதான். நன்றாக ஓடிய வண்டி திடீரென்று நின்றால் முதல் கேள்வி, கடைசியாகக் கை வைத்தவர் யார். கார்டிலேயே அதற்கு ஒரு கட்டம் உண்டு. அந்த ஆளைப் பிடித்து உட்காரவைத்தால் முக்கால்வாசிப் பழுது தானாக வெளியே வந்துவிடும். டாக்டரம்மா பால், தூக்கம், நிறம் இவற்றை மட்டும் குறிக்கச் சொன்னார். நான் அந்தக் கட்டத்தையும் சேர்த்துக்கொள்கிறேன்.

5-ந் தேதி. கடைசியாகக் கை வைத்தவர்: ஜோதி, மதினி.

டிசம்பர் 9, செவ்வாய்

பால் எட்டுத் தடவை. வாந்தி இல்லை. நிறம் நல்ல நிறம். குளியல் பத்து மணிக்கு.

கை வைத்தவர்: மதினி.

மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜோதிக்கு அம்மா இல்லை. அதனால் பிரசவத்துக்கு மதினிதான் கோவில்பட்டியிலிருந்து வந்தார். அங்கே கடலைமிட்டாய் கம்பெனியில் பொட்டலம் போடுகிற வேலை. இரண்டு மாசம் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறார். காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைப் போட்டுக் குளிப்பாட்டுவதெல்லாம் அவர்தான். அவருக்கும் ஒரு ஆண்பிள்ளை பிறந்து, நாற்பத்தோராம் நாள் தூக்கத்திலேயே போய்விட்டது. பதினாலு வருஷம் ஆகிறது. அதன்பிறகு புருஷன் வீட்டில் அவரை வைத்துக்கொள்ளவில்லை.

குளிப்பாட்டிவிட்டுச் சாம்பிராணிப் புகை போட்டார். நான் சட்டியைத் தூக்கி வெளியே வைத்தேன். மூச்சு நின்ற பிள்ளைக்குப் புகையா என்று கேட்டேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

சாயங்காலம் உள்ளங்காலில் மட்டும் எண்ணெய் தேய்த்தேன். இது என் வேலை. தேங்காய் எண்ணெயில் சூடம் போட்டுக் காய்ச்சியது, ஆயுதபூஜைக்கு வாங்கிய சூடம் ஒரு டப்பா மீதி இருந்தது. பால் கொடுக்க என்னால் முடியாது, குளிப்பாட்டத் தெரியாது. பிள்ளைக்கு நான் என்று செய்வது இது ஒன்றுதான்.

டிசம்பர் 10, புதன்

மழை. பிள்ளைக்குச் சளி கூடிவிட்டது. உப்புத்தண்ணிச் சொட்டு மூக்கில் விடச் சொல்லியிருக்கிறார்கள். உப்புத்தண்ணியில் சளி போகுமா? எண்ணெய் தீர்ந்துவிட்டதால் புதிதாகக் காய்ச்சினேன், சூடம் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு. மதினி அடுப்படிக்கு வந்து மூக்கைச் சுளித்தார்.

"வாடை ரொம்பக் காரமா இருக்கே தம்பி. பச்சப்பிள்ளைக்குத் தாங்குமா?"

சாம்பிராணிச் சட்டியைத் தூக்கி வைத்த கோபம், வேறொன்றும் இல்லை.

கை வைத்தவர்: மதினி, ஜோதி.

டிசம்பர் 12, வெள்ளி

நேற்று மறுபடியும். காலை ஒன்பதேகால். இந்தத் தடவை நேரம் பார்த்தேன். எண்ணெய் தேய்த்து முடித்து, கை கழுவப் போயிருந்தேன். மதினி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டதும் தலை பின்னால் விழுந்ததாம். கண் செருகி, கை வெட்டி வெட்டி இழுத்ததாம். நான் வந்தபோது உதடு நீலம். நாற்பது விநாடி. மதினி தட்டியதில் மூச்சு வந்தது.

மறுபடியும் அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டரம்மா. தலையில் ஒயர் வைத்துப் பார்த்தார்கள். மறுபடியும் அதே கேள்வி, எதுவும் குடுத்தீங்களா. தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு இல்லை என்று சத்தம் போட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். கட்டில் அட்டையில் பிள்ளைக்குப் பெயர்கூட இல்லை, "ஜோதிலட்சுமி குழந்தை" என்று எழுதியிருக்கிறார்கள். பெயர் வைப்பதற்குள் இத்தனை.

இரண்டு தடவையும் கடைசியாகத் தூக்கியவர் மதினி. நான் இதை வேண்டுமென்று எழுதவில்லை. கட்டம் சொல்கிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

பிடித்துவிட்டேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். பிள்ளை நன்றாகத்தான் இருந்தது. நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே அக்காளும் தங்கையும் குசுகுசுவென்று பேசுவது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"பேர் சொல்லாதத இன்னைக்கு வச்சியாக்கா?"

"வச்சேன், வச்சேன். அவர் காதுல விழாமப் பேசு."

பெயர் சொல்ல முடியாத ஒன்றைப் பிள்ளைக்கு வைக்கிறார்கள், நான் நாயாய் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறேன். உள்ளே போய் மதினியின் பையைத் தலைகீழாகக் கொட்டினேன். ஒரு சின்னச் சேலைத்துணி முடிச்சில் கருகின வேர்த்துண்டு. வசம்பு. விளக்கில் சுட்டு, கல்லில் உரசி, நாக்கில் தொட்டு வைப்பது. அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பதால் பேர் சொல்லாதது என்பார்களாம். எங்கள் வீட்டில் பிள்ளை வளர்த்த பெண்கள் யாரும் இல்லை, எனக்கெப்படித் தெரியும்? தெரிந்தால் மட்டும் விட்டிருப்பேனா?

வயிற்று உப்புசத்துக்கு வைத்தேன் தம்பி, துளிதான் என்று மதினி சொன்னாள். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டதையெல்லாம் இங்கே எழுதுவது என்று வைத்துக்கொண்டால், சொன்னதையும் எழுத வேண்டும். எழுதுகிறேன்.

"ஒம்பிள்ளைய அனுப்பி வச்சுட்டு, இப்ப எம்பிள்ளைக்கு வந்துட்டியா?"

ஜோதி என் வாயைப் பொத்த வந்தாள். மதினி அழவில்லை. கொட்டிய துணிகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்தாள். வசம்பை எடுக்கவில்லை. மூணு மணிக் கோவில்பட்டி வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

காரணம்: வசம்பு. கடைசியாகக் கை வைத்தவர்: அழகுமீனா. கார்டை மூடியாயிற்று.

டிசம்பர் 15, திங்கள்

வசம்பை ஒரு தாளில் மடித்துக் கொண்டுபோய் டாக்டரம்மாவின் மேஜையில் வைத்தேன். பார்த்துவிட்டு, இதெல்லாம் பச்சைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது, உடனே நிறுத்துங்கள் என்றார். ஆனால் துளி தொட்டு வைத்ததில் இப்படி வருமா என்பது தனக்கு நிச்சயமில்லை, நோட்டு எழுதுவதை விடவேண்டாம் என்றும் சொன்னார். ஆளையே பிடித்துக் கொடுத்தாலும் இவர்களுக்கு நிச்சயம் வராது.

ஜோதி என்னோடு பேசவில்லை.

டிசம்பர் 18, வியாழன்

மூன்று நாள் சாயல்குடியில் இருந்தேன். நடுவழியில் கியர்பாக்ஸ் உட்கார்ந்த வண்டியை அங்கேயே பிரித்துச் சரிசெய்ய அனுப்பினார்கள். தினமும் போன் செய்தேன். பிள்ளை நன்றாக இருக்கிறது, பால் குடிக்கிறது, சிரிக்கிறது என்று ஜோதி மூன்று வார்த்தையில் சொல்லிவிட்டு வைத்தாள்.

மதினி போனாள், பிள்ளை பிழைத்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இதை ஜோதியிடம் போனில் சொன்னேன். பாதியிலேயே வைத்துவிட்டாள்.

டிசம்பர் 19, வெள்ளி

மார்கழிக் குளிர். பிள்ளைக்கு மறுபடி மூக்கடைப்பு. ஜோதி தனியாகக் குளிப்பாட்டப் பயப்படுகிறாள், துணியை நனைத்துத் துடைத்துவிடுகிறாள். பாத்திரம் நான் துலக்கினேன். நாளைக்குக் காலை எண்ணெய் தேய்க்க வேண்டும், ஒரு வாரமாக விட்டுப்போயிற்று.

டிசம்பர் 20, சனி

ஆஸ்பத்திரி. தீவிர சிகிச்சை.

டிசம்பர் 21, ஞாயிறு

உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மூக்கில் குழாய், கையில் ஊசி. நேற்று நடந்ததை இப்போது எழுதுகிறேன். எழுதாவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன்.

காலை எட்டு மணி. பிள்ளையை என் மடியில்தான் வைத்திருந்தேன். நெஞ்சு, முதுகு, உள்ளங்கால். மூக்குத் துவாரத்தில் இரண்டு பக்கமும் ஒரு தொட்டு. விரலை எடுத்த அடுத்த நிமிஷம் பிள்ளை திடுக்கென்று விறைத்தது. மூச்சு நின்றது. இழுப்பு நிற்கவில்லை. மதினி செய்த மாதிரிக் கையில் குப்புறப் போட்டேன், எண்ணெய்க் கையில் வழுக்கியது. ஜோதி பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். ஆட்டோவில் மூச்சு வந்தது, போனது, வந்தது.

டாக்டரம்மா ஓடிவந்து நெஞ்சில் குழலை வைக்கக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"என்ன வாசனை இது?"

"எண்ணெய்."

"என்ன எண்ணெய்?"

"தேங்காயெண்ணெய்ல சூடம் போட்டுக் காய்ச்சினது. சளிக்கு."

"மூக்குலயும் வச்சீங்களா?"

வைத்தேன் என்றேன். நர்ஸைக் கூப்பிட்டு உடம்பு முழுக்கச் சோப்புத் தண்ணியில் துடைக்கச் சொன்னார். ஊசி போட்டார்கள். இழுப்பு அடங்கின பிறகுதான் என்னிடம் வந்தார். சூடம் தோல் வழியாகவே உள்ளே இறங்குமாம். இந்த வயசுப் பிள்ளைக்கு அதை முறிக்கிற சக்தி கிடையாதாம். வலிப்பு வரும், மூச்சு நிற்கும், மூக்கில் தொட்டால் அந்த நிமிஷமே சுருண்டு விழும். பூஜைக்கு ஏற்றுகிற சூடம்தானே என்று நான் முணுமுணுத்தேன். அது தீப்பற்றி எரிகிற பொருள் என்று அவர் சொன்னார்.

"ரெண்டு தடவ கேட்டேனே. எதுவும் குடுத்தீங்களான்னு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வராந்தாவே அதிரக் கத்தினேன். நீங்கள் கேட்டது குடுத்தீர்களா என்று. நான் கொடுக்கவில்லை, தேய்த்தேன். தேய்த்தீர்களா என்று நீங்கள் கேட்கவில்லை.

டாக்டரம்மா கேஸ் ஷீட்டில் அதை எழுதிக்கொண்டார்.

"கேட்டிருக்கணும்" என்றார்.

திருப்பிக் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு அதன்பிறகு கத்த ஆள் இல்லை.

வராந்தாவில் உட்கார்ந்து இந்த நோட்டைப் புரட்டினேன். ஐந்தாம் தேதி எண்ணெய். பதினொன்று, எண்ணெய். இருபது, எண்ணெய். ஆஸ்பத்திரியில் இருந்த நாளில் எண்ணெய் இல்லை, ஒன்றும் நடக்கவில்லை. சாயல்குடியில் நான் இருந்த மூன்று நாளும் ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் என் கையெழுத்தில், என் பேனாவில். ஆனால் கை வைத்தவர் கட்டத்தில் ஒரு இடத்திலாவது என் பெயர் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. மெக்கானிக் தன்னை எங்கே எழுதுவான்? அவன் அடுத்தவன் கையைத்தான் பார்ப்பான். தூ.

டிசம்பர் 24, புதன்

குழாயை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறது. இன்றைக்குப் பால் குடித்தது. தலையை ஸ்கேன் செய்ததில் பழுது எதுவும் இல்லை என்றார்கள்.

நான் பிள்ளையை வாங்கக் கை நீட்டினேன். பத்து நாள் கழித்து ஜோதி என் முகம் பார்த்துப் பேசினாள்.

"எங்கக்காட்டப் போய் சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் பிள்ளையத் தொடாதீங்க."

அதில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

டிசம்பர் 25, வியாழன்

எண்ணெய்ப் பாட்டிலை உடைத்தேன். வீடெல்லாம் அந்த வாடை. மூன்று தடவை தரையைக் கழுவியும் போகவில்லை. பத்தாந்தேதியே மதினி சொன்னது, இருக்கிறது இந்த நோட்டில், வாடை காரமாக இருக்கிறது என்று. சாம்பிராணிக் கோபம் என்று எழுதியிருக்கிறேன். என்ன புத்திசாலி.

டிசம்பர் 28, ஞாயிறு

கோவில்பட்டி போய்வந்தேன்.

மதினிக்கு லீவு நாள். அறை வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார், பிள்ளைக்கு என்ன என்று கேட்டார். அதுதான் முதல் கேள்வி. நன்றாக இருக்கிறது என்றேன். மறுபடி உட்கார்ந்து துவைக்க ஆரம்பித்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ பேசிப் பார்த்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு நோட்டை நீட்டினேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். நின்றுகொண்டே முழுவதையும் படித்தார். பதினாலாம் தேதிப் பக்கத்தில் நான் சொன்ன வார்த்தை அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கத்தில் அவர் நின்ற நேரம் நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பத்தாந்தேதி நான் சொன்னத எழுதியிருக்கீங்களே" என்றார். "எழுதத் தெரிஞ்சிருக்கு. கேக்கத்தான் தெரியல."

நான் தப்பு செய்துவிட்டேன் மதினி என்றேன். அவர் பதினாலாம் தேதிப் பக்கத்துக்குத் திரும்பினார். வசம்பு வைத்தது தன்னுடைய தப்பு, அதையும் எழுதியது சரிதான் என்றார். பிள்ளையைப் பார்க்க ஆசை இருக்கிறது, ஜோதி கொண்டுவரட்டும், ஆனால் அந்த வீட்டுப் படியை இனி ஏறமாட்டேன் என்றார். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கிளம்பும்போது நோட்டைத் திருப்பிக் கேட்டேன். கொடுக்கவில்லை. அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்பிள்ளைக்கு யாரும் நோட்டுப் போடல தம்பி. வந்தவுக எல்லாம் இந்த ஒரு கட்டத்த மட்டும்தான் நெரப்பிட்டுப் போனாக."

அவர் விரல் 'கடைசியாகக் கை வைத்தவர்' என்ற கட்டத்தின் மேல் இருந்தது.

"அவனுக்கும் ஒரு பக்கம் போடுங்க."

நோட்டை வாங்கிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒன்றையும் விடாமல் சொன்னார். கடைசி இரண்டு கட்டத்தில் அவர் பேசவில்லை. நான் என்ன எழுதப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார். பதினோரு வருஷத்தில் ஒரு கார்டிலும் நான் எழுதாததை அங்கே எழுதினேன்.

பெயர்: மாரிச்செல்வம்.
வயது: நாற்பத்தொரு நாள்.
காலை: பால் குடித்தான். குளித்தான். சிரித்தான்.
மத்தியானம்: பால் குடித்தான். ஏப்பம் விட்டான். தூங்கினான். எழுந்திருக்கவில்லை.
காரணம்: தெரியவில்லை.
கடைசியாகக் கை வைத்தவர்: அம்மா. தட்டித் தூங்க வைத்தார். அதில் பழுது இல்லை.

கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். பெயர், வேலை, தேதி எல்லாம் போட்டேன். அந்தத் தாளைத் தானே கிழித்து, எட்டாக மடித்து, உள்ளே கொண்டுபோனார்.

வீட்டுக்கு வந்து ஐந்தாம் தேதிக் கட்டத்தை எடுத்தேன். இரண்டு பெயரையும் அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன்: கருத்தப்பாண்டி, அப்பா.